ஒசாகால ஒரு சனி ஞாயிறு: மார்க்கெட்டும் பழைய துணிக்கடையும், ஒரு குன்னூர் டெய்லர் பாத்த மாதிரி

குன்னூர்ல சின்னதா ஒரு தையக்கடை வச்சிருக்கேன், பத்தொம்பது வருஷமா அதே கடை, அதே மெஷின். அக்கா பொண்ணு ஒசாகால வேலைக்குப் போய் மூணு வருஷம் ஆச்சு, எப்ப போன் பண்ணாலும் "சித்தி ஒரு தடவ வந்துட்டுப் போ"ன்னு ஒரே பாட்டு, போன நவம்பர் கடைசில தீபாவளித் தையல் எல்லாம் குடுத்து முடிச்சு பாக்கி வசூல் பண்ணிட்டு தான் கிளம்ப முடிஞ்சுது. அவளுக்கு வாரநாள்ல ஆபீஸ், அதனால நாங்க ஊர் சுத்தினதுன்னா அந்த சனி ஞாயிறு ரெண்டே நாள். கடைக்கு வர்றவங்க எல்லாரும் ஜப்பான் எப்படி இருந்துச்சுன்னு கேக்குறாங்க, பிளவுசுக்கு அளவெடுத்துட்டே பாதி சொல்றேன், மீதி அப்படியே நின்னு போயிடுது, அதான் முழுசா எழுதிடலாம்னு. போறவங்களுக்கு எங்க காசு செலவு பண்ணலாம், எங்க கைய கட்டிக்கிட்டு வேடிக்கை மட்டும் பாக்கலாம்ங்கறதும் தெரியும்.

நம்ம மலைக்காரங்களுக்கு சீசன் ரேட்டுன்னா என்னன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. ஏப்ரல் மே வந்துட்டா ஊட்டி சேரிங் கிராஸ்ல ஒரு விலை, அதே சாமானுக்கு மார்க்கெட் உள்ள போனா வேற விலை, ரூம் வாடகைய பத்தி கேக்கவே வேணாம். ஒசாகாலயும் அதே கதை தான். டூரிஸ்டுக்குன்னு ஒரு மார்க்கெட், ஊர்க்காரங்களுக்குன்னு ஒரு மார்க்கெட், ரெண்டுக்கும் நடுவுல ஒரே மெட்ரோ லைன்ல கால் மணி நேரம். ரெண்டையும் பாக்கணும், ஆனா எதுல வயிறு நிறைய சாப்பிடணும்ங்கறது மொதல்லயே தெரிஞ்சிருந்தா பணம் வீணாகாது.

கோயம்புத்தூர்ல ஏறி சிங்கப்பூர்ல மாறி கன்சாய் ஏர்போர்ட்ல எறங்கினேன். கடலுக்கு நடுவுல மண்ணக் கொட்டி தீவாக்கி 1994ல தொறந்த ஏர்போர்ட் அது. அங்கேருந்து நம்பாங்கற எடத்துக்கு நேரா ரயில் இருக்கு, ஒரு மணி நேரம் கூட ஆகல. இக்கோக்கான்னு ஒரு கார்டு வாங்கி காசு போட்டுக்கிட்டா மெட்ரோ, ரயில், பஸ், சில கடை எல்லாத்துலயும் தட்டிட்டுப் போயிட்டே இருக்கலாம். எஸ்கலேட்டர்ல வலது பக்கம் நிக்கணும், டோக்கியோல இடது பக்கமாம், ஒசாகாக்காரங்க அதுல உறுதியா இருக்காங்க. குளிர் நம்ம குன்னூர் டிசம்பர் குளிர் தான், வீட்ல இருந்து கொண்டு போன ஸ்வெட்டரும் சால்வையுமே போதுமா இருந்துச்சு.

சனிக்கிழமை காலைல மொதல்ல குரோமோன் இச்சிபா. நிப்பொன்பாஷி ஸ்டேஷன்ல எறங்கி ரெண்டு எட்டு வச்சா வந்துடுது. மேல கூரை போட்ட நீளமான சந்து, சுமார் 580 மீட்டர், நூத்தம்பது கடை கிட்ட இருக்கு. ஒசாகாவோட சமையலறைன்னு இந்த மார்க்கெட்ட சொல்லுவாங்க, ஓட்டல்காரங்க வந்து மீன் எடுத்துட்டுப் போற எடமா இருந்தது தான் இது. இப்ப பாதிக் கடை அங்கேயே சுட்டு அங்கேயே கைல குடுக்கறதா மாறிடுச்சு. சூரை மீன் பெரிய பெரிய துண்டா செக்கச்செவேல்னு அடுக்கி வச்சிருக்காங்க, சிப்பி மேல வெண்ணெய் போட்டு டார்ச்சால வாட்டுறாங்க, நண்டுக்கால் கைமுட்டி நீளத்துக்கு இருக்கு. ஃபுகுன்னு விஷ மீன் விக்கிற கடையும் உண்டு, லைசென்ஸ் வாங்கினவங்க தான் அத அறுக்கவே முடியும், குளிர்காலம் தான் அதுக்கு சீசன்.

விலை தான் சொல்லணும். நாங்க போனப்ப 1 யென் கிட்டத்தட்ட அறுபது காசு. ஒரு கடைல ஒரு குச்சி மாட்டுக்கறி 3000 யென்னு போர்டு மாட்டியிருந்தாங்க, மனசுக்குள்ள கணக்குப் போட்டா ஆயிரத்து எண்ணூறு ரூவா வருது, ஒரு குச்சிக்கு! அவ ஆபீஸ்காரங்க யாரும் சாப்பிட இங்க வர்றதில்லன்னு அக்கா பொண்ணே சொன்னா. ஆனா ஒண்ணு, விலை எல்லாம் போர்டுல தெளிவா எழுதியிருக்கு, யாரையும் ஏமாத்தல, கைய புடிச்சு இழுக்கல. வாங்குறது நம்ம இஷ்டம். எனக்கு அந்த வியாபாரிங்க மேல கோவம் வரல, ஏப்ரல் மே ரெண்டு மாசத்துல சம்பாதிச்சு வருஷத்த ஓட்டுற எத்தனையோ குடும்பத்த பாத்து வளந்தவ நான். ஆளுக்கு ஒரு சிப்பி, ஒரு முட்டை ரோல், அவ்ளோ தான் சாப்பிட்டோம். சிப்பி நல்லா இருந்துச்சு, இனிப்பா, வெண்ணெய்யும் சோயாவும் எறங்கி. சாப்பிடறது கடை முன்னாடியே நின்னு சாப்பிட்டுட்டு குச்சியும் தட்டும் அவங்க கிட்டயே குடுத்துடணும், தின்னுட்டே நடக்கக் கூடாது, ரோட்ல குப்பைத்தொட்டியே கெடையாது. காலைல ஒம்பது மணிக்கெல்லாம் போயிடுங்க, பத்தரைக்கு மேல கூட்டம் தோளோட தோள் இடிக்குது. ஞாயித்துக்கிழமை சில கடை லீவு.

அங்க ஒரு பழக்கடைல பெர்சிமன் அடுக்கி வச்சிருந்தாங்க, ஒவ்வொண்ணும் ஒரே சைஸ், ஒரே ஆரஞ்சு. அங்க அதுக்கு காக்கின்னு பேரு. சிம்ஸ் பார்க் பக்கத்துல பழப்பண்ணைல இந்த மரத்த சின்ன வயசுல இருந்து பாத்திருக்கேன், அது யாரோ வெளியூர்ல இருந்து வந்து தங்கிட்ட சொந்தக்காரங்க மாதிரி நம்ம ஊர்ல நிக்குது, அதோட பொறந்த வீட்ட பாத்த மாதிரி ஒரு சந்தோசம். ரெண்டு வாங்கினோம். தோல் சீவி குடுத்தாங்க. கரகரன்னு கடிக்கிற பதம், துவர்ப்பே இல்ல.

இப்ப தக்கோயாக்கி. இத பத்தி கொஞ்சம் அதிகமா எழுதுவேன், பொறுத்துக்குங்க. ஒசாகால 1935ல பொறந்த பலகாரம் இது, கோதுமை மாவுக்குள்ள ஆக்டோபஸ் துண்டு வச்சு உருண்டையா சுடறது. மொதல் தடவ அந்தக் கல்ல பாத்தப்ப எனக்கு பேச்சே வரல, நம்ம குழிப்பணியாரக் கல்லு தாங்க அது! குழி மட்டும் கொஞ்சம் சின்னது, நெறைய, ஒரு கல்லுல இருபத்தெட்டு குழி எண்ணினேன். ஒரு வயசான அம்மா நின்னு சுட்டுட்டு இருந்தாங்க. துணிய எண்ணெய்ல முக்கி எல்லாக் குழியையும் ஒரு இழுப்பு, அப்புறம் மாவ ஊத்துறாங்க பாருங்க, குழிக்குள்ள மட்டும் இல்ல, கல்லு பூரா வழிய வழிய ஊத்திடறாங்க. நம்ம வீட்ல அப்படி ஊத்தினா அம்மா கரண்டியால போடுவாங்க. ஆக்டோபஸ், பொரிஞ்ச மாவுத் துணுக்கு, செவப்பு இஞ்சி ஊறுகாய், வெங்காயத்தாள், எல்லாத்தையும் மேல தூவிட்டு, அடி வெந்ததும் ரெண்டு கைலயும் ஊசி மாதிரி குச்சி எடுத்து வழிஞ்ச மாவ கோடு கோடா அறுத்து, ஒவ்வொரு சதுரத்தையும் அந்தந்தக் குழிக்குள்ளயே சுருட்டி உள்ள தள்ளி, கால் வட்டம் திருப்பறாங்க. இன்னொரு கால். இன்னொரு கால். அதனால தான் அது முழு உருண்டையா வருது, நம்ம பணியாரம் மாதிரி இடுப்புல ஒரு கோடு விழறதில்ல. பொடவைக்கு பால்ஸ் வைக்கிறப்ப ஓரத்த உள்ள தள்ளி மடிப்போமே, அதே கை அசைவு. நான் அங்கேயே இருபது நிமிஷம் நின்னேன், அந்தம்மா நிமிந்து பாத்து சிரிச்சுட்டு வேகத்த கொஞ்சம் கொறச்சுக் காமிச்சாங்க.

எட்டு உருண்டை 600 யென். மேல சாஸ் தடவி, கடல்பாசிப் பொடி போட்டு, சீவின காஞ்ச மீன் தூவுறாங்க, அந்தச் சூட்டுக்கு அது உசுரோட ஆடுற மாதிரி நெளியும். உள்ள மாவு வெந்தும் வேகாம கூழா இருக்கும், அது பழுது இல்ல, அது தான் பதம். ஒடனே வாய்ல போட்டா மேல்நாக்கு வெந்துரும், குச்சியால ஒரு ஓட்டை போட்டு ஆவி போக விட்டுட்டு சாப்பிடுங்க.

அந்தக் காஞ்ச மீன பத்தி ஒண்ணு. கட்சுவோபுஷின்னு சொல்றாங்க, சூரை மீன வேக வச்சு, பொகை போட்டு, கட்டை மாதிரி காய வச்சு சீவுறது. நம்ம மாசிக் கருவாட்டுக்கு அக்கா தங்கச்சி. தூத்துக்குடி பக்கத்துக்காரங்க மோந்து பாத்தா ஒரு செகண்ட்ல சொல்லிடுவாங்க. சைவம் சாப்பிடறவங்க இத கட்டாயம் தெரிஞ்சுக்கணும்: இதையும் கொம்புங்கற கடல்பாசியையும் கொதிக்க வச்ச தண்ணி தான் தாஷி, அது அங்க எல்லாத்துலயும் இருக்கு. கறி இல்லன்னு நெனச்சு வாங்குற முட்டை ரோல்ல, காய்கறிக் கொழம்புல, தக்கோயாக்கி மாவுலயே கூட. சுட்ட சக்கரவள்ளிக் கெழங்கு, சாதா சாத உருண்டை, பழம் இதெல்லாம் பயப்படாம சாப்பிடலாம். கெழங்குக்கு யாக்கி இமோன்னு பேரு, குளிர்காலத்துல சூடான கல்லு மேல வச்சு விக்கிறாங்க, தேன் மாதிரி இருக்கும்.

பக்கத்துலயே தோகுயாசுஜின்னு பாத்திரக்கடைத் தெரு. சுமார் 150 மீட்டர் தான், ஆனா எனக்கு அங்கேயே அரை நாள் போயிருக்கும். ஓட்டலுக்கு வேணுங்கற எல்லாம், சிவப்பு காகித லாந்தர், கடை வாசல்ல தொங்கவிடுற துணி, கண்ணாடி ஷோகேஸ்ல வைக்கிற பொம்மைச் சாப்பாடு. அந்தப் பொம்மைச் சாப்பாட்ட மொதல்ல மெழுகுல செஞ்சு 1932ல ஒசாகால தான் தொழிலாவே ஆரம்பிச்சிருக்காங்க. கத்திக்கடைல நின்னீங்கன்னா பக்கத்து ஊரு சக்காய்ல அடிச்ச கத்தி, வாங்கினா பேர் வெட்டிக் குடுக்கறாங்க. நான் ஒரு வார்ப்பிரும்பு தக்கோயாக்கி கல்லு வாங்கினேன், பதினாறு குழி. கத்தி, கல்லு எது வாங்கினாலும் செக்கின் பெட்டில போடுங்க, கைப்பைல வச்சா ஏர்போர்ட்ல எடுத்துக்குவாங்க.

மத்தியானம் அமெரிக்காமுரா, சுருக்கமா அமேமுரா. அமெரிக்க கிராமம்னு அர்த்தம். ஷின்சாய்பாஷி ஸ்டேஷனுக்கு மேற்கால இருக்கு. 1970கள்ல பழைய கோடவுன எல்லாம் கடையாக்கி அமெரிக்காவோட மேற்குக் கரையில இருந்து வந்த பழைய துணியும் இசைத்தட்டும் வித்ததுல ஆரம்பிச்ச எடம், இன்னிக்கு வரைக்கும் பழைய துணி தான் அதோட உசுரு. நடுவுல முக்கோணமா ஒரு சின்ன பார்க், அதச் சுத்தி பசங்க உக்காந்து கதை பேசிட்டு இருக்காங்க, தெரு லைட்டு கம்பம் எல்லாம் மனுசன் கை கால் விரிச்சு நிக்கிற மாதிரி செஞ்சிருக்காங்க.

தெருவுல போற பசங்க உடுப்பு தான் நான் பாக்க வந்ததே. நம்ம ஊர்ல குளிருக்கு ஒண்ணு மேல ஒண்ணு போடறோம், அங்க அதையே அழகுக்குப் போடறாங்க. முழங்கால் வரைக்கும் வர்ற சட்டை, அதுக்கு மேல சின்ன ஸ்வெட்டர், அதுக்கு மேல தோள் எறங்கின கோட்டு, ஒவ்வொரு ஓரமும் ரெண்டு விரக்கடை வெளிய தெரியணும்னு கணக்கு வச்சு போட்ட மாதிரி. தோள் தையல் கைமேல அஞ்சு சென்டிமீட்டர் கீழ எறங்கியிருக்கும், எங்கிட்ட அப்படித் தச்சுக் குடுத்தா அளவு தப்புன்னு திருப்பிக் குடுப்பாங்க, ஆனா அந்த எறக்கத்துல துணி விழற அழக பாத்தா அது தப்பில்ல, வேணும்னே வெட்டினதுன்னு புரியும். ஒரு பொண்ணு தாத்தாவோட கோட்டு மாதிரி ஒண்ண போட்டு இடுப்புல ஆம்பள டைய பெல்ட்டா கட்டியிருந்தா. போட்டோ எடுக்கணும்னு ஆசை, ஆனா கேக்காம எடுக்கக் கூடாதுன்னு அக்கா பொண்ணு சொல்லிட்டா. சரி தான். தேயிலை பறிக்கிற நம்ம பொம்பளைங்க மூஞ்சிக்கு நேரா கேமராவ நீட்டி ஒரு வார்த்தை கேக்காம எடுத்துட்டுப் போறவங்கள பாத்து எத்தனை தடவ வயிறு எரிஞ்சிருக்கு. அந்தப் பொண்ணு கிட்ட கேட்டோம், தலைய குனிஞ்சு சரின்னு சொன்னா, அப்புறம் எடுத்தேன்.

பழைய துணிக்கடை ரெண்டாவது மாடி, மூணாவது மாடில எல்லாம் ஒளிஞ்சிருக்கு, படி ஏறத் தயங்காதீங்க, நல்ல சரக்கு மேல தான். ஒவ்வொரு துணிலயும் ஒரு சீட்டு தொங்குது, அதுல எஸ் எம் எல் மட்டும் இல்ல, தோள் எவ்ளோ, மார்பு அகலம் எவ்ளோ, கை நீளம் எவ்ளோ, மொத்த ஒசரம் எவ்ளோன்னு துணிய விரிச்சு டேப்பு வச்சு அளந்து சென்டிமீட்டர்ல எழுதியிருக்காங்க. கறை எங்க இருக்கு, கிழிசல் எங்க தச்சிருக்குங்கறது கூட. பழைய துணின்னா ஒரு குவியல்ல கொட்டி வச்சு கெளறி எடுத்துக்கோன்னு விடறது தான நமக்குப் பழக்கம், இங்க அந்தப் பழசுக்குக் குடுக்குற மரியாதைய பாத்து எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. ட்ரையல் ரூம்ல செருப்ப கழட்டிட்டு தான் ஏறணும். மெல்லிசா ஒரு துணிப்பை குடுக்கறாங்க, தலைல மாட்டிக்கிட்டு தான் சட்டைய போடணும், மூஞ்சில இருக்கற பவுடர் லிப்ஸ்டிக் துணில ஒட்டக் கூடாதுன்னு.

ஒரு கடைல நடந்தத சொல்றேன். நான் தோள்ல தோடர் சால்வை போட்டிருந்தேன், ஊட்டில ஒரு தோடர் அக்கா கிட்ட நேரா வாங்கினது, வெள்ளைத் துணில செவப்பும் கறுப்பும். கடைல இருந்த பையனுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும், அக்கா பொண்ணு கிட்ட ஏதோ கேட்டான். "சித்தி, தொட்டுப் பாக்கலாமான்னு கேக்குறாரு"ன்னா. எடுத்துக் குடுத்தேன். ரெண்டு கைலயும் வாங்கினான், மேசைய தொடச்சுட்டு விரிச்சான், விரிச்சு மொத வேலையா என்ன பண்ணான் தெரியுமா, திருப்பிப் போட்டு பின்பக்கத்த பாத்தான். துணி தெரிஞ்சவங்க தான் பின்பக்கத்த பாப்பாங்க. தோடர் தையல்ல வரைஞ்சுக்கிட்டு தைக்கிறது கெடையாது, இழைய எண்ணி எண்ணி ஊசி போடறது, நெய்ததா தச்சதான்னே கண்டுபிடிக்க முடியாது, பின்பக்கமும் பாக்கற மாதிரி தான் இருக்கும். அவன் நகத்தால ஒரு இழைய மெதுவா தள்ளிப் பாத்துட்டு "கையால?"ன்னு கேட்டான். ஆமான்னேன். 2013ல புவிசார் குறியீடு வாங்கினது, எங்க மலைல இருக்கற கொஞ்சம் பேரு மட்டும் செய்யறதுன்னு அக்கா பொண்ண விட்டு சொல்லச் சொன்னேன். அவன் உள்ள போய் ஒரு பழைய நீலத் துணி எடுத்துட்டு வந்தான், ஒட்டு மேல ஒட்டு போட்டு வெள்ளை நூல்ல ஓட்டுத்தையல் போட்டது, சாஷிக்கோன்னு அந்தத் தையலுக்குப் பேரு. விக்கிறதுக்கு இல்ல, காமிக்கறதுக்கு. பாஷை ஒண்ணும் தெரியாம நாங்க ரெண்டு பேரும் அரை மணி நேரம் ரெண்டு துணியையும் திருப்பித் திருப்பி பாத்துட்டு இருந்தோம்.

ஜீன்சுக்கும் ஒசாகாவுக்கும் பெரிய சம்பந்தம் இருக்கு. 1979ல ஆரம்பிச்ச ஸ்டூடியோ டார்ட்டிசான்ல இருந்து 1991ல வந்த எவிசு, அப்புறம் வேர்ஹவுஸ் வரைக்கும் அஞ்சு கம்பெனிய ஒசாகா ஃபைவ்னு சொல்லுவாங்க, பழைய அமெரிக்க ஜீன்ஸ் மாதிரியே நெய்து தச்சு ஒலகத்துக்கே பேர் வாங்கினவங்க. குறுகின பழைய தறில நெய்த டெனிம், ஓரம் பிரியாம முடிஞ்சிருக்கும், அதுல ஒரு செவப்பு நூலு ஓடும். காலு ஓரத்த மடிச்சு விட்டா அது வெளிய தெரியணும்னே மடிச்சு விடறாங்க. அந்த ஓரத்துக்கு அங்க மிமின்னு பேராம், காதுன்னு அர்த்தம். நாம கரைன்னு சொல்றோம். வேட்டிக்கும் பொடவைக்கும் கரை பாத்து வாங்குற நமக்கு இது புதுசில்ல. கால் முனைய பழைய யூனியன் ஸ்பெஷல் மெஷின்ல செயின் தையல் போட்டு மடிச்சிருக்கு, தொவைக்க தொவைக்க அந்த மடிப்பு கயிறு முறுக்கின மாதிரி சாஞ்சு வெளுக்கும், அதுக்காகவே அந்த மெஷின தேடிப் போய் அடிச்சுக்கறாங்களாம். புது ஜீன்ஸ் விலை நமக்குக் கட்டாது, முப்பதாயிரம் யென்னுக்குக் கிட்ட. பழசு ஒண்ணு 4500 யென்னுக்கு எடுத்தேன்.

ராத்திரி தோத்தோன்போரி, கால்வாய் ஓரமா விளம்பர லைட்டு மின்னுற எடம். ஓடற மனுசன் படம் போட்ட கிளிக்கோ மிட்டாய் கம்பெனி போர்டு 1935ல மொதல்ல வச்சது, இப்ப இருக்கறது 2014ல வச்ச ஆறாவது. பாக்கலாம், போட்டோ எடுக்கலாம். அவ்ளோ கூட்டத்துல அங்க சாப்பிட வேணாம். நாங்க ஷின்செக்காய்க்குப் போய் குஷிகட்சு சாப்பிட்டோம், குச்சில குத்தி பொரிக்கிறது, கறி, எறா, வெங்காயம், தாமரைக் கெழங்கு எல்லாம் உண்டு. அங்க ஒரு சட்டம் ரொம்பப் பிடிச்சுது. பொதுவா ஒரே சாஸ் டப்பா, எல்லாருக்கும், அதுல ஒரு தடவ தான் முக்கணும், கடிச்சதுக்கு அப்புறம் முக்கவே கூடாதுன்னு செவுத்துல பெருசா எழுதியிருக்கு. "சித்தி, ரெண்டாவது தடவ முக்கிடாத"ன்னு அக்கா பொண்ணு பதறினா. எச்சிப் பண்ணக் கூடாதுன்னு தான் எங்கம்மா சொல்லி வளத்தாங்க, எனக்கு யாரும் சொல்லித் தரவே வேணாம்னேன். இப்ப பல கடைல டப்பாவுக்கு பதிலா சாஸ் பாட்டில் வச்சிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை காலைல சுருஹாஷி. இது கொரியாக்காரங்க மார்க்கெட். ரயில்ல இருந்து எறங்கறப்பவே பூண்டும் சுட்ட கறியும் மணக்குது. ரெண்டு நாளா காரமே இல்லாம செத்துப் போன நாக்கு இங்க தான் உசுரு பெத்துச்சு! கிம்ச்சி டப்பா டப்பாவா, முட்டைகோஸ், முள்ளங்கி, வெள்ளரி, எல்லாத்துலயும் மொளகாப்பொடி செக்கச்செவேல்னு. ருசி பாக்க எடுத்து நீட்டறாங்க. சந்து ரொம்பக் குறுகல், மேல தகரக் கூரை, ஒரு கடைல கிம்ச்சி, அடுத்த கடைல கல்யாணத்துக்குப் போடற கொரியா பாவாடை சட்டை, பச்சையும் ரோசும் மின்னுது, தரைல மீன் தண்ணி. கிட்டத்தட்ட நம்ம ஊட்டி மார்க்கெட் உள்சந்து தான், காய்க்கடைக்கு அடுத்து வளையல் கடை இருக்குமே, அது மாதிரி. ஒசாகால எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமா இருந்த எடம் இது தான்.

அப்புறம் தென்ஜின்பாஷிசுஜி. 2.6 கிலோமீட்டர் நீளத்துக்கு கூரை போட்ட கடைத்தெரு, ஜப்பான்லயே நீளமானது, அறுநூறு கடைக்கு மேல. இங்க டூரிஸ்டு கம்மி, கூடை வச்ச சைக்கிள்ல வர்ற பாட்டிங்க தான் அதிகம். காய்கறிக்கடைல நின்னு விலை எல்லாம் பாத்தேன், மார்க்கெட் விலை வாய்ல இருந்தே வர்ற ஊர்க்காரி ஆச்சே. முள்ளங்கி ஒண்ணு கை நீளம், இலையோட. கேரட் மூணு ஒரு கவர்ல, ஒரே நீளம். நம்ம கேத்தி கேரட் எந்த விதத்துலயும் கொறஞ்சதில்லன்னு அங்கேயே சொன்னேன், இப்பவும் சொல்றேன், இனிப்புல நம்மது ஒரு படி மேல. உருளைக்கிழங்கு கொரொக்கே 100 யென் சொச்சம், பேப்பர்ல மடிச்சு சூடா, நம்ம போண்டா ஞாபகம் வரும், உள்ள கறி இருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க. மத்தியானச் சாப்பாடு ரெண்டு பேரும் வயிறு நிறைய சாப்பிட்டு 1700 யென் தான் ஆச்சு. குரோமோன்ல அந்தக் காசுக்கு அரைக் குச்சி.

ஒரு டீக்கடை வாசல்ல மெஷின்ல தேயிலை வறுத்துட்டு இருந்தாங்க, தெருவே மணக்குது. ஹோஜிச்சான்னு பேரு. டீ ஃபேக்டரி சத்தத்துலயும் வாசனையிலயும் வளந்தவங்களுக்கு அந்த எடத்த விட்டு நகர முடியாது. நாம எலைய வாட வச்சு, நசுக்கி, புளிக்க விட்டு, காய வைக்கிறோம். அவங்க பறிச்சதும் ஆவில வேக வச்சிடறாங்க, அதான் பச்சையாவே நிக்குது. அதுலயே ஒரு பங்க இப்படி வறுக்கறது ஹோஜிச்சா. நூறு கிராம் பாக்கெட் விலைய பாத்தப்ப, நம்ம சின்ன விவசாயிங்க பச்சைத் தேயிலைக்கு கிலோவுக்கு இருபது முப்பதுன்னு நின்னு போராடறது நெனப்பு வந்து தொண்டை அடைச்சுது. ஒரே செடி தான். அவங்க பாக்கெட்டுல தோட்டம் எந்த ஊரு, எந்தப் பறிப்பு எல்லாம் எழுதியிருக்கு. நம்ம எலை யார் பேரும் இல்லாம மூட்டைல போகுது.

குறை ஒண்ணும் இல்லையான்னா இருக்கு. பிளாஸ்டிக். நீலகிரில ஒரு தண்ணி பாட்டில் கொண்டு போனா செக்போஸ்ட்ல புடுங்கிடறாங்க, அங்க ஒரு வாழைப்பழத்துக்கு ஒரு கவர், பிஸ்கட் டப்பாக்குள்ள ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் ஒரு கவர். பைக்கு மட்டும் 2020ல இருந்து காசு வாங்கறாங்க. தெரு சுத்தமா இருக்கு, அதுல குறையே சொல்ல முடியாது, ஆனா அவ்ளோ கவர் எதுக்குன்னு ரெண்டு நாளும் மனசு ஆறல. மஞ்சப்பை எடுத்துட்டுப் போயிருந்தேன், அத தான் எல்லாக் கடைலயும் நீட்டினேன்.

தென்ஜின்பாஷில ரோடு தாண்ட நிக்கறப்ப பக்கத்துல ஒரு பாட்டி, எழுபது வயசு இருக்கும், சிறுத்தைப் புள்ளி சட்டை, அதுக்கு மேட்சா அதே புள்ளில பை. ஒசாகா பாட்டிங்க இத விரும்பிப் போடுவாங்கன்னு பேரே உண்டாம். நிஜச் சிறுத்தை ராத்திரி வீட்டு வாசல்ல நாய தூக்கிட்டுப் போற ஊர்ல இருந்து வர்றவ நான், அந்தச் சட்டைய கண்ணு எடுக்காம பாத்துட்டு நின்னேன். பாட்டி என் சால்வைய பாத்தாங்க. ஏதோ சொல்லிட்டு பைக்குள்ள கைய விட்டு ரெண்டு மிட்டாய் எடுத்து என் கைல வச்சாங்க. "அமே-ச்சான்"னு சொன்னாங்க, மிட்டாய்க்கே செல்லமா பேர் வச்சுக் கூப்பிடறது அந்த ஊர்ப் பாட்டிங்க வழக்கமாம். என் கைல வர்க்கி ஒரு பாக்கெட் இருந்துச்சு, அக்கா பொண்ணு கேட்டான்னு ஊட்டில இருந்து கொண்டு போனது, அத பிரிச்சு பாட்டிக்கு நாலு குடுத்தேன். அங்கேயே நின்னு ஒண்ண கடிச்சுப் பாத்தாங்க, மீதிய கைக்குட்டைல மடிச்சு வச்சுக்கிட்டாங்க.

வீட்டுக்கு வந்து அந்தப் பதினாறு குழிக் கல்ல எண்ணெய் தடவி பழக்கி, நம்ம இட்லி மாவுல வெங்காயம் பச்சமொளகா போட்டு ஊத்திப் பாத்தேன், வழிய வழிய ஊத்தி, அறுத்து, உள்ள தள்ளி, கால் கால் வட்டமா திருப்பி. மொத ரெண்டு ஈடு பிஞ்சு போச்சு, மூணாவதுல வந்துச்சு, முழு உருண்டை. மாவு கொஞ்சம் தளதளன்னு இருக்கணும், அவ்ளோ தான் விஷயம்.

அந்தப் பழைய ஜீன்ஸ கடைல கண்ணு படற மாதிரி தொங்கவிட்டிருக்கேன். போன வாரம் ரெண்டு காலேஜ் பசங்க வந்து கால் முனைய திருப்பிப் பாத்துட்டு "அக்கா, எங்க பேண்டும் இது மாதிரி அடிச்சுத் தருவீங்களா"ன்னு கேட்டாங்க. எங்கிட்ட இருக்கற மெஷின்ல அந்தத் தையல் வராது. திருப்பூர்ல பழைய மெஷின் விக்கிற ஒருத்தர் கிட்ட சொல்லி வச்சிருக்கேன், இன்னும் வரல.